கருத்துக் கேட்பு

நுங்கம்பாக்கம் ஹோட்டலில்
ஒலிபரப்புக் கொள்கைக்கு நான்தான் மைக் செட்.
காசிமேட்டில் ஆடிக் கூழுக்கும்
ராயபுரத்தில் தேர்பவனிக்கும்
மண்ணடியில் மீலாது மேடைக்கும்
இதே மிக்ஸர்தான் போகும்.
எந்தச் சாமிக்கு எவ்வளவு எக்கோ என்று
கை தானாகத் திருப்பும்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
சிவப்பு விளக்கு எரிந்தால்
சத்தத்தை இறக்கிடுங்க என்றான்
கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன்.
சரி என்றேன். மீதிப் பணம் சாயங்காலம்தான்.

காலை முழுக்கக் கம்பெனிக்காரர்கள்.
அலைக்கற்றை, தொகுப்பு, சந்தை, நுகர்வோர்.
அவர்களுக்கும் சிவப்பு எரிந்தது.
பையன் அப்போது ஏசி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி நாற்காலி காலி.
"மத அமைப்புகள், கூட்டு மனு."
மூன்று பேர் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள்.
வாசலில் சில்லறைக்கு மூவரும் துழாவியதைப் பார்த்தேன்.

ஹஜ்ரத் சதக்கத்துல்லா
மைக்கை ஊதிப் பார்க்கவில்லை.
"எங்க வீட்டுப் பொட்டியில
பயான் வருது, பஜனை வருது, பிரசங்கம் வருது.
ஒரு ரூபா கேக்கறதில்ல.
மழை எங்க நிக்குதுன்னு சொல்ற சேனலுக்கு மட்டும்
மாசாமாசம் காசு.
ஆண்டவன் இலவசம், புயலுக்குக் கட்டணம்.
மாத்திப் போடுங்க ஐயா.
எங்களைத் தேடறவங்க பஸ் ஏறியாவது வந்துடுவாங்க."
கீழே சிரித்தார்கள்.
மேடை சிரிக்க, மொழிபெயர்ப்பு வரவேண்டியிருந்தது.

திருவொற்றியூர் ஓதுவார் சட்டைநாதன்
ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.
"வெள்ள அறிவிப்புல சைகை காட்டற அம்மாவை
ஸ்டாம்பு அளவுக்கு மூலையில வைக்கிறாங்க.
அவங்க கைக்கு மேல நகைக்கடை விளம்பரம் ஓடுது.
என் பொண்ணுக்குக் காது கேக்காது.
நான் பாடிப் பொழைக்கிறவன்."
உட்கார்ந்துவிட்டார்.
இறக்குவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

பிறகு சிஸ்டர் லியோனிதா.
பள்ளிக்கூட மொட்டைமாடியில்
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே
சமுதாய வானொலி நடத்துகிறவர்.
அங்கே ஸ்பீக்கர் மாற்ற ஒருமுறை போயிருக்கிறேன்,
கருவாட்டு வாசனையில் சுவரெல்லாம் முட்டை அட்டை.

அதிகாரி குறுக்கிட்டார்:
மதப் பிரசாரத்துக்கு உரிமம் கிடையாது.
செய்தி சொல்லவும் கூடாது.

"ஆறு மணிக்கு ஜெபமாலை போடச் சொல்லி
ஃபாதர் மூணு தடவை வந்தார்.
மூணு தடவையும் திருப்பி அனுப்பினேன்,
ஆறு மணி டீசல் விலைக்கு.
அலை பதினோரு அடின்னா
அது செய்தியா, ஜெபமா?
ரெண்டுல எதுன்னு சொல்லுங்க,
அதை மட்டும் நிறுத்திடறேன்."

சிவப்பு.
பையன் என்னைப் பார்த்தான்.
இறக்கினேன்.

அவருக்கு அது தெரியவே இல்லை.
ஏலக்கூடத்தில் பழகிய தொண்டை,
கடைசி வரிசைவரை போனது.
மொழிபெயர்ப்பாளர்தான் ஹெட்போனைத் தட்டிப் பார்த்து
கையை விரித்தார்.

சாயங்காலம் பணம் வந்தது.
பதிவை பென் டிரைவில் கேட்டார்கள், கொடுத்தேன்.
மிக்ஸர் வழியாகப் போனதுதான் அதில் இருக்கும்.
நாற்பது நொடிக்கு ஏசி இரைச்சல்,
தூரத்தில் யாரோ சண்டை போடுவதுபோல ஒன்று,
அப்புறம் "அடுத்து, பதினெட்டு."

அந்த நாற்பது நொடியில் அவர் சொன்னது:
காற்று திரும்பிய ராத்திரி
கடலில் எட்டுப் படகு இருந்தது எங்களுக்குத் தெரியும்.
மேலிடத்து அறிவிப்பு வரவில்லை.
விதிப்படி,
விடியும்வரை
பாட்டுதான் போட்டுக்கொண்டிருந்தோம்.

டெம்போவில் வயர் சுருட்டும்போது
ஓதுவார் தேடிக்கொண்டு வந்தார்.
குடையை ஹாலிலேயே விட்டுவிட்டாராம்.
அவர்கள் வந்த ஆட்டோ
கேட்டுக்கு வெளியே நின்றது, மீட்டர் ஓடியபடி.